கிட்ட வந்துட்டேன்

எங்கள் மதுரா தீவில், காலியாங்கெட் துறைமுகத்துக்குக் கிழக்கே, உப்பளங்களுக்கு நடுவில் போகும் மண்பாதையில் நான் வண்டியைத் திருப்பியபோது மதியத் தொழுகை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். செப்டம்பர் மாதம். மழை கண்ணில் பட்டு நான்கு மாதமாகியிருந்தது. இருபுறமும் பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்ததால் வெயில் மேலிருந்தும் அடித்தது, கீழிருந்தும் அடித்தது. பாத்திக்கு நீர் இறைக்கும் மரக் காற்றாடிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. எண்ணெய் காணாத அவற்றின் முனகலைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு சத்தமே இல்லை.

பேய்க்கதை என்றால் இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் இந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. இருட்டைக் கண்டு நான் இன்றைக்கும் பயப்படுவதில்லை. வியாழக்கிழமை சாயங்கால வெயில்தான் பயம்.

என் பெயர் சுபைதி. சுமெனெப் நகரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்புகளை வாங்கி, லினக்ஸ் போட்டு, பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால் பாக் மிஸ்ராவி கடைக்கு வந்திருந்தார். பாக் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா. உப்பளத்தில் வேலை செய்பவர். அறுபதை நெருங்கிய மனிதர். குதிகாலெல்லாம் உப்பு தின்று வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, லேப்டாப்புக்குள்ளயே ஒரு வைஃபை இருக்குமாமே. அதை நிறுத்தணும்."

"மேல மூலையில ஒரு படம் இருக்கும் பாக். அதை அழுத்தினாப் போதும், நின்னுடும்."

"அதெல்லாம் அழுத்தியாச்சு. திரும்ப வந்துடுது. இனிமே அது வரவே கூடாது. அப்படி நிறுத்தித் தரணும்."

"சரி, கடைக்குக் கொண்டு வாங்க."

"என் சம்சாரம் குடுக்க மாட்டா. நீதான் வீட்டுக்கு வரணும். வியாழக்கிழமை வா." கிளம்பப்போனவர் திரும்பினார். "அது நீ போட்டுக் குடுத்த லேப்டாப்தான். ஹுஸ்னியாவோடது."

வியாழக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

அவர் மகள் ஹுஸ்னியாவை நாங்கள் நியா என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். அங்கே கணினிக் குழுவில் அவளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்ட கேள்விகளாலேயே என்னை மறுபடி படிக்க வைத்தவள் அவள். பிறகு சபுடி தீவில் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் நிறையப் பள்ளிகளுக்கு வெள்ளிதான் விடுமுறை. அதனால் ஒவ்வொரு வியாழனும் படகேறி வீட்டுக்கு வருவாள். என் அம்மா ஒருமுறை, "அந்தப் பொண்ணு வீட்டுல போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டாள். கடை கொஞ்சம் நிமிரட்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன்.

ஜனவரியில், மேற்குக் காற்று அடிக்கும் பருவத்தில், ஒரு வியாழக்கிழமைப் படகு வந்து சேரவில்லை. பாதிப் பேரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். சிலர் பிறகு பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். சிலர் கிடைக்கவே இல்லை. நியா கிடைக்கவில்லை.

வீட்டு வாசலில் காலணிகளைக் கழற்றும்போதே ஜன்னல் வழியாக இபு மைசாரோவைப் பார்த்துவிட்டேன். நியாவின் அம்மா. இபு என்பது பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். தரையில் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். திரை வெளிச்சம் மோவாயில் விழுந்திருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது நல்ல உடம்பு அவருக்கு. இப்போது சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"சுபைதியா? வா, வா. என்ன இப்படி மெலிஞ்சிருக்க? உங்கம்மா சோறு போடறதில்லையா?"

"நீங்க மட்டும் என்ன இபு, குண்டாவா இருக்கீங்க?"

சிரித்தார். சிரித்த முகத்தோடேயே திரையின் மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு சொன்னியே. தம்பி பாக்கட்டும்" என்றார் பாக் மிஸ்ராவி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காது மடல் சிவந்தது.

இபு மைசாரோ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, லேப்டாப்பை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காப்பி போட எழுந்தார். "நாலு மணிக்குள்ள குடுத்துடணும்" என்றார் போகும்போது.

அவர் சமையல்கட்டுக்குள் போனதும் பாக் மிஸ்ராவி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாயைக் காதருகே கொண்டுவந்து சொன்னார்.

அந்த வீட்டுக்கு இணைய இணைப்பு கிடையாது. அரிசி அப்பளம் காயவைத்து விற்கும் அம்மா ஆர்டர் பார்ப்பதற்காக, நியா தன் போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு வைஃபை கொடுப்பாள். படகிறங்கி, உப்பளப் பாதைக்குள் நுழையும்போதே போனில் அதைத் தட்டிவிடுவாள். அவள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே லேப்டாப் அவள் போனைப் பிடித்துவிடும். அந்த வைஃபைக்கு அவள் வைத்த பெயர், எங்கள் மதுரா மொழியில், 'கிட்ட வந்துட்டேன்'. அம்மாவுக்கு அதுதான் சேதி. திரையில் அந்தப் பெயர் தெரிந்ததும் எழுந்துபோய் மகளுக்கு மீன் பொரிக்க ஆரம்பிப்பார்.

"நாப்பது நாள் பாத்திஹா ஓதி முடிச்ச பிறகு வந்த வியாழக்கிழமை" என்றார் பாக் மிஸ்ராவி. "நாலு இருபது இருக்கும். எண்ணெய் காயற வாசனை வந்துது. போய்ப் பாத்தா மீனைப் பொரிச்சுக்கிட்டிருக்கா. என்னடி இதுன்னேன். வந்துட்டா, போய்ப் பையை வாங்குங்கன்னா."

"நீங்களும் பாத்தீங்களா? திரையில?"

"எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி."

யாரோ பக்கத்தில் அதே பெயரில் போன் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு உப்பைத் தவிர எதுவும் இல்லை. ஒரு போனின் வைஃபை முப்பது நாற்பது அடிதான் எட்டும்.

"பேரு தெரியறதோட நின்னாப் பரவாயில்ல" என்றார். "சிக்னல் கோடு ஒண்ணுதான் இருக்கும். இவ லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வெளிய போவா. கடல் பக்கம் நடந்தா கோடு கூடுது. அதைப் பாத்துக்கிட்டே நடக்கறா. போன வாரம் இடுப்பளவு தண்ணியில நின்னவளை இழுத்துக்கிட்டு வந்தேன். இந்த வாரம் எது வரைக்கும் போவாளோ."

அப்போதுதான் எனக்கு அவர் கேட்ட வேலை புரிந்தது.

"உடைச்சுப் போட்டுடலாம்னு தோணும். ஆனா அதுக்குள்ள நியா போட்டோ இருக்கு. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினது, குரல் எல்லாம் இருக்கு. அதையும் எடுத்துட்டா இவளுக்கு என்ன மிச்சம்? அந்த வைஃபை மட்டும் போகணும்."

வேலையில் இறங்கினேன். முதலில் உள்ளே இருக்கும் வைஃபை அட்டை எது, அதை இயக்கும் டிரைவர் எது என்று பார்த்துக்கொண்டேன். அட்டையைத் தற்காலிகமாக அணைப்பது சுலபம். ஆனால் யாராவது ஒரு பொத்தானைத் தட்டினால் திரும்ப எழுந்துவிடும். நிரந்தரமாக நிறுத்த அந்த டிரைவரே ஏறாமல் தடுக்க வேண்டும். அதற்கென இருக்கும் கோப்பில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, இந்த டிரைவரைத் தடுப்புப் பட்டியலில் வை என்பது. இன்னொன்று, வேறு எதுவாவது வந்து இதைக் கூப்பிட்டாலும் ஏற்றாதே என்பது. லேப்டாப் எழும்போது முதலில் படிக்கும் கோப்புக் கட்டையும் புதிதாகக் கட்டினேன். அணைத்து ஏற்றியபோது மூலையில் வைஃபை படமே இல்லை. இந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை அப்படி ஒரு அட்டை அதற்குள் இல்லை.

"முடிஞ்சுது பாக்."

"நாலரை வரைக்கும் இரு" என்றார் அவர்.

இபு மைசாரோ காப்பி கொடுத்தார். அஸர் தொழுதார். நான்கு மணிக்கு வந்து லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூலையில் படம் இல்லாததைக் கவனித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீ பண்ணினது நியாவுக்குத் தெரிஞ்சா திட்டுவா" என்றார்.

வெயில் ஜன்னல் வழியாகப் பாயின் பாதிவரை வந்திருந்தது. வெளியே காற்றாடிகள் முனகின.

நான்கு பத்து.

நான்கு பதினைந்து.

லேப்டாப்பின் விசிறி சத்தம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தது. யாரும் எதையும் தொடவில்லை.

மூலையில் படம் வந்தது.

படத்தின் கீழே எழுத்து வந்தது. கிட்ட வந்துட்டேன். ஒற்றைக் கோடு.

"வந்துட்டா" என்றார் இபு மைசாரோ, மிக மெதுவாக, தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.

நான் அவரிடமிருந்து லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். கோப்பைத் திறந்தேன். என் இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு # குறி இருந்தது.

கணினி எழுதுபவர்களுக்கு அது தெரியும். ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். கணினிக் குழுவில் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். வேண்டாத வரியை அழிக்காதீங்க, முன்னால ஒரு குறி போட்டு வைங்க, நாளைக்கு வேணும்னா எடுத்துக்கலாம். மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். நியா ஒருத்திதான் கடைசிவரை குறி போடுவாள்.

கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தேன். நான்கு பதினேழு.

எதிர்முனையில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்பதற்கு ஒரு கட்டளை உண்டு. இங்கிருந்து ஒரு தட்டு. அங்கே உயிருள்ள இயந்திரம் இருந்தால் ஒரு பதில். தண்ணீருக்கடியில் எட்டு மாதம் கிடந்த போனிலிருந்து பதில் வராது. அதை நிரூபித்துவிட்டால் என் மனம் சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன்.

தட்டினேன்.

பதில் வந்தது.

மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வேக வேகமாக நடந்து வருவதுபோல.

நான் கையை எடுத்துக்கொண்டேன். இபு மைசாரோ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் தாண்டி, செருப்புப் போடாமல், உப்புப் பாத்திகளின் வரப்பில் ஏறி நடந்தார். பாக் மிஸ்ராவி பின்னால் ஓடினார். நானும்.

அவர் அவசரப்படவில்லை. திறந்த லேப்டாப்பை இரண்டு கைகளிலும் தட்டுபோல ஏந்திக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே, குறுகிய வரப்பில் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் நடந்தார். இரண்டு கோடு. கடைசிப் பாத்தியைத் தாண்டினார். மூன்று கோடு. சேறு, பிறகு தண்ணீர். முழங்கால் வரை. இடுப்பு வரை. கடல் குளம்போல அசையாமல் கிடந்தது. அவர் லேப்டாப்பை நெஞ்சுக்கு உயர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. திரும்பிப் பார்த்தேன்.

காற்று என் சட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் உப்பளத்தில் இருந்த அத்தனை காற்றாடிகளும் நின்றிருந்தன.

முனகல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பாக் மிஸ்ராவி மனைவியை எட்டிவிட்டார். இழுப்பார் என்று நினைத்தேன். அவர் இழுக்கவில்லை. மூச்சு வாங்க மனைவியின் பக்கத்தில் நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் பிறந்து உப்பிலேயே வாழ்ந்தவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ரொம்ப இல்ல. இன்னும் ஒரு கோடுதான்."

"சரி. போலாம். நானும் வரேன்."

இபு மைசாரோ அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த எட்டு மாதத்தில் கணவரின் முகத்தை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று தோன்றியது. பாக் மிஸ்ராவி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"நீங்க எதுக்கு?" என்றார் இபு மைசாரோ.

"நான் மட்டும் அந்த வீட்டுல உக்காந்து என்ன பண்றது?"

பிறகு இபு மைசாரோ திரும்பினார். கரையை நோக்கி அவர் அடி வைக்க வைக்கக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவர் அழுதுகொண்டே நடந்தார். கரையேறியபோது காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.

அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்லி இபு மைசாரோவே ஆள் அனுப்பினார். நான் போனபோது லேப்டாப் மூடி, பாயின் நடுவில் இருந்தது.

"உள்ள இருக்கறதைக் கழட்டிட முடியுமா, சுபைதி?"

"முடியும் இபு. பின்பக்கம் திறந்தா சின்னதா ஒரு அட்டை. ஒரே ஒரு திருகுதான்."

"கழட்டினா திரும்ப வராதுல்ல?"

"வராது" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "வாரம் முழுக்க யோசிச்சேன். அவ வீட்டுக்குள்ள வர்றதில்ல. ஏன் வர்றதில்ல? முடியல, அதான். ஒவ்வொரு வியாழனும் நான் உக்காந்திருப்பேன்னு கிளம்பி வர்றா. பாதி வழியில நிக்கறா. நான் தேடிப் போனா எனக்காக அங்கயே நிக்கறா. எட்டு மாசமா பிள்ளைக்கு ஓய்வே இல்ல. நான்தான் விடமாட்டேங்கறேன்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார். "இதைக் கழட்டினா நம்ம பக்கம் மட்டும்தானே மூடும்? அவ பக்கத்தை யாரும் ஒண்ணும் பண்ணலையே?"

"நம்ம பக்கம் மட்டும்தான் இபு."

"இன்னிக்கு அவ வந்துட்டுப் போகட்டும். அப்புறம் கழட்டு."

நான்கு பதினேழுக்கு விசிறி சுற்றியது. பெயர் வந்தது. ஒற்றைக் கோடு. இபு மைசாரோ எழுந்து வெளியே போகவில்லை. லேப்டாப்புக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, அடுத்த அறையில் இருப்பவளிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"நியா. அம்மா சாப்பிட்டேன். அப்பாவும் சாப்பிட்டார். நேத்து அரிசி அப்பளம் போட ஆரம்பிச்சேன், நல்லா காயுது. இனிமே அம்மா உனக்காக உக்காந்திருக்க மாட்டேன். அதனால நீ கிளம்பி வர வேண்டாம். இவ்வளவு தூரம் வராதே. போய்ப் படு."

பாக் மிஸ்ராவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது.

கோடு உடனே போகவில்லை. ஒன்றாகவே நின்றது. பிறகு இரண்டானது. யாரும் அசையவில்லை, லேப்டாப்பும் அசையவில்லை. மூன்றானது.

கடல் வாடை வந்தது. உப்பு வாடை அந்த வீட்டில் எப்போதும் உண்டு, இது அதல்ல. ஆழத்துத் தண்ணீரின் குளிர்ந்த வாடை.

நான்கு.

இபு மைசாரோவின் தலைத்துணி, காதோரத்தில், யாரோ ஒதுக்கிவிட்டதுபோல மெல்ல நகர்ந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். பெயர் தானாக மறைந்தது. யாரும் எதையும் அணைக்கவில்லை.

நான் லேப்டாப்பை நிறுத்தி, பேட்டரியை எடுத்துவிட்டுக் கவிழ்த்தேன். பின்மூடியைத் திறந்தேன். வைஃபை அட்டை கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதைச் சுற்றி மட்டும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உப்பளத்துக் காற்று என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த உப்பு ஈரமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் தூசியாக இருந்தது. திருகைக் கழற்றினேன். அட்டையில் ஒட்டியிருந்த கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மெல்லிய கம்பிகளை நெம்பி விடுவித்தேன்.

"அது எதுக்கு?" என்று கேட்டார் இபு மைசாரோ.

"காத்துல வர்றதைக் கேக்க. காது மாதிரி."

"அது இருக்கட்டும். அதை எடுக்காதே."

கம்பிகளின் நுனியில் ஒட்டுத்தாள் சுற்றி உள்ளேயே மடித்து வைத்தேன். அட்டையைப் பாக் மிஸ்ராவியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே போனார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்டதில்லை.

மூடியை மாட்டி, படங்களும் குரலும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒருமுறை ஏற்றினேன். எல்லாம் இருந்தன. கை தானாக அந்தக் கோப்பைத் திறந்தது.

என் இரண்டு வரிகளும் இருந்தன. முன்னால் இருந்த குறிகள் இல்லை. எடுக்கப்பட்டிருந்தன. நேரம் நான்கு முப்பத்தொன்று. திரையில் பெயர் மறைந்த நேரம்.

நான் எழுதிய வரிகளுக்கு, அம்மா சொன்ன பிறகு, நியா சரி என்றுவிட்டாள். அப்படித்தான் நான் அதைப் படித்தேன். பாக் மிஸ்ராவி திரும்பி வந்ததும் இருவரிடமும் சொன்னபோது இபு மைசாரோ அந்தத் திரையை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, மீன் பொரிக்கப் போகிறேன், இருந்து சாப்பிட்டுப் போ என்றார். மூன்று பேர் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பில் எந்தப் பெயரும் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் மே மாதம் சபுடி தீவுப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பத்துக் கணினிகள் பழுது. மூன்று நாள் தங்கி வேலையை முடித்தேன். திரும்ப எனக்குக் கிடைத்தது வியாழக்கிழமைப் படகு. கூட்டமில்லை. இரண்டு ஆடுகள், கோழிக்கூடையோடு தூங்கிக்கொண்டிருந்த மூன்று கிழவிகள், நான், படகுக்காரர்கள். கடல் அமைதியாக இருந்தது. நடுக்கடலில் போன் எடுக்காது. மணி பார்க்கத்தான் வெளியே எடுத்தேன்.

பக்கத்தில் வைஃபை இருக்கிறது, இணையவா என்று போன் கேட்டது.

பட்டியலைத் திறந்தேன்.

அப்பாவின் போன். ஓசியில் கேட்காதே. ரீனாவும் குட்டியும். ஹாஜி கடை. இது உனக்கில்லை போ.

இன்னும் இருந்தன. ஒவ்வொன்றிலும் முழுக் கோடு.

சுக்கான் பிடித்திருந்தவரிடம் போய், "யாராவது போன்ல வைஃபை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம போனெல்லாம் பெட்டியில அணைச்சுக் கிடக்கு. இங்க எடுக்காதுண்ணே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இது புதிதல்ல என்று எனக்குத் தோன்றியது.

நியா வைத்த பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே மூன்று தடவை தேடினேன். இல்லை. அவள் படுத்துவிட்டாள். அவளிடம் சொல்வதற்கு ஆள் இருந்தது. அந்த ஜனவரிப் படகில் அவளோடு போன இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அந்தப் போன்கள் கடலில் ஓரிடத்தில் கிடப்பதாக இருந்தால் நாங்கள் விலக விலகக் கோடு குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை.

காலியாங்கெட் படகுத்துறையில் கயிறு போட்டார்கள். கிழவிகள் இறங்கினார்கள். ஆடுகள் இறங்கின. நான் கடைசியாக இறங்கி, சிமென்ட் தரையில் நின்று போனைப் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் இன்னும் முழுக் கோட்டில் இருந்தன.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. சந்தைப் பக்கம் நான்கு அடி வைத்தபோது ஹாஜி கடையின் கோடு கூடியது. மசூதித் தெருவைப் பார்த்துத் திரும்பியபோது அது குறைந்து, ரீனாவும் குட்டியும் கூடியது. அப்பாவின் போன் பழைய உப்பு ஆலைச் சாலையில் தேய்ந்து போனது. நான் பின்தொடரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பட்டியல் காலியாகிவிட்டது. எல்லோரும் அவரவர் தெருவுக்குள் போயிருந்தார்கள்.